உலோக ஆவியும் ஒளியும்: ‘உட்கவர்தல்’ என்னும் சொல் பற்றிய ஆய்வு

கலைச்சொல்லின் தகுதி, நெருங்கிய பொருள்களை வேறுபடுத்திக் காட்டும் ஆற்றலில் உள்ளது. ஒளி ஒரு பொருளிற் படுங்கால் ஊடுருவலாம், மீளலாம், சிதறலாம், உட்கவரப்படலாம். இந்நான்கனுள் இறுதியதைச் சிலர் ‘தடுத்தல்’ என எழுதுவர். அது பொருந்துமா என்பதை உலோக ஆவியின் இயல்பு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முன்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடுவோர் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறும் தோல் அச்சாற்றின் துவர்ப்பை ஏற்கும். தோல் பதமுறப் பதமுறச் சாறு வலுவிழக்கும். ஒன்று இழந்ததை மற்றொன்று பெறுதலே உட்கவர்தலின் இலக்கணம். அவ்வாறே ஒளி இழக்கும் ஆற்றலை ஆவி பெறுகின்றது. ‘தடுத்தல்’ என்பதில் இப்பேறு புலப்படாது.

ஆவி எல்லா ஒளியையும் ஒருங்கே கவர்வதில்லை. அணுவிலுள்ள எலெக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளே உண்மையின், அவற்றுக்கு ஏற்ற அலைநீளங்களையே அது கவரும். சோடிய ஆவி 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை மிகுதியாகக் கவரும். கதிரவன் நிறமாலையில் 1814ஆம் ஆண்டில் பிரான்ஹோபர் ஆராய்ந்த கருங்கோடுகள் இத்தகையனவே என்பதைக் கிர்க்காப் 1859ஆம் ஆண்டில் விளக்கினார்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை அடையலாம். அங்கு 1986 முதல் பயன்படும் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளது. பாப்பு, வில்சன் என்னும் அறிஞருடன் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, விண்மீன்களின் கால்சியக் ‘கே’ கோட்டைப் பற்றியது. அக்கருங்கோட்டின் நடுவே தோன்றும் ஒளிர்கோட்டின் அகலம், விண்மீனின் உண்மை ஒளித்திறனை உணர்த்தும் என அவர்கள் காட்டினர். தோலின் மயிரைக் களைய ஆம்பூரில் பயன்படும் சுண்ணாம்பிலுள்ள உலோகமும் அக்கால்சியமே.

இனி, ஆவி அடர்ந்தால் நிகழ்வது யாது? அணுக்கள் அடிக்கடி மோதுதலால் ஆற்றல் நிலைகள் கலக்கமுறும். மெல்லிய கோடு இருபுறமும் அகலும். கவர்ந்த ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகும். உயரழுத்தச் சோடிய விளக்கின் நிறமாலையில் இதனைக் காணலாம். நடுவிலுள்ள ஆவி வெளியிடும் மஞ்சள் ஒளியை அதனைச் சூழ்ந்த குளிர்ந்த ஆவியே கவர்தலின், மஞ்சளின் மையம் இருண்டு இருபுறமும் ஒளி விரிந்திருக்கும்.

வெப்பம் மேலும் மிகின் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகும். இவ்விழப்பு வெப்பத்தால் மிகுவதையும் அழுத்தத்தால் குறைவதையும் மேகநாத் சாகா 1920ஆம் ஆண்டில் சமன்பாடாக்கினார். இந்நிலையே பிளாஸ்மா. இங்குத் தனித்தியங்கும் எலெக்ட்ரான்கள் அயனிகளை அணுகுங்கால் ஒளியைக் கவரும். முற்றும் அயனியான பிளாஸ்மாவில், வெப்பநிலை மாறாதிருக்க, அடர்த்தி இருமடங்காயின் இக்கவர்ச்சி ஏறத்தாழ நான்மடங்காகும். அலைநீளம் கூடினும் அது மிகும். ஆதலின் கட்புலனாகும் ஒளியினும் அகச்சிவப்பு ஒளி மிகுதியாகக் கவரப்படும்.

ஆயின் அடர்த்திக்கு ஓர் எல்லையுண்டு. 1.06 மைக்ரோமீட்டர் லேசர் ஒளிக்கு அவ்வெல்லை, ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 1க்குப் பின் 21 சுழிகள் கொண்ட எண்ணிக்கையிலான எலெக்ட்ரான்கள். 10.6 மைக்ரோமீட்டர் ஒளிக்கு அதில் நூற்றில் ஒரு பங்கே எல்லை. அதனை எய்திய ஒளி மேற்செல்லாது மீளும்.

உலோகத்தை லேசரால் வெட்டுங்கால் மேலெழும் பிளாஸ்மா, ஒளி உலோகத்தை முழுதும் அடையாதவாறு செய்தல் உண்டு. அதனைப் பிளாஸ்மா ‘தடுத்தது’ என்று மட்டும் எழுதினால், ஆற்றல் பிளாஸ்மாவைச் சூடேற்றியதா, வந்த வழியே திரும்பியதா என்பதை மாணவன் அறியான். முன்னது உட்கவர்தல், பின்னது மீளல். இரண்டன் விளைவும் வேறு. களையும் முறையும் வேறு. ஆதலின் தமிழ்வழிப் பாடநூல்களில் இவ்விரு சொற்களையும் தனித்தனியே ஆளுதல் வேண்டும் என்பது நம் துணிபு.