காகம் இரண்டு, காக்கா இருவர்

பாலர் வகுப்பிற் படத்தை ஒரு பாடமாகவும், சொல்லை மற்றொரு பாடமாகவும், எண்ணைப் பிறிதொன்றாகவும் வைத்துக் கற்பித்தல் பல இடங்களிற் காணப்படுகின்றது. மூன்றையும் ஒருங்கு பொருத்திப் பயிற்றுதலே தக்கது. தமிழ்ப் பாலர்க்கு அதனால் விளையும் தனிப்பயனும் ஒன்றுண்டு.

படங்காட்டிச் சொல் உணர்த்தல் புதுமையன்று. கொமேனியசு என்னும் கல்வியறிஞர் 1658ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கெனப் படநூலொன்றை வெளியிட்டார். 1907இல் உரோமை நகரிற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், 1939இற் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். இலக்கம் எழுதிய அட்டையின் கீழ் அத்தனை காய்களை அடுக்கச் செய்தல் அவர் வகுத்த பயிற்சிகளுள் ஒன்று. காய்களுக்குப் புளியங்கொட்டையே நமக்குப் போதும்.

சொற்களை மட்டும் நம் ஊரிலிருந்தே எடுத்தல் வேண்டும். குளமும் வயலும் சூழ்ந்த இறக்காமத்துக் குழந்தைக்குப் பனிக்கரடி எதற்கு? எருமை, கொக்கு, தாமரை என்பவற்றில் தொடங்கலாமன்றோ?

இங்குள்ள பாலர் வகுப்பொன்றில், வெளியூரில் அச்சான அட்டையொன்றைக் கண்டேன். இரண்டு காகங்களின் படம். அதன்கீழ்க் 'காக்கா' என்னும் சொல். ஆசிரியை அதனை வாசித்ததும், "காக்கா பள்ளிக்கூடம் போயிட்டார்" என்றாள் ஒரு சிறுமி. அது பிழையன்று. இப்பகுதி முஸ்லிம் இல்லங்களிற் காக்கா என்பவர் தமையனார், பறவையோ காகம்.

உடனே தமையன்மார் இருவரை வேறோர் அட்டையில் வரைவித்தேன். ஒன்றில் 'காகம் இரண்டு', மற்றதிற் 'காக்கா இருவர்' என எழுதி, 2 என்னும் இலக்கத்தை இரண்டனோடும் பொருத்தச் செய்தோம். இலக்கம் ஒன்று, எண்ணுப்பெயரோ வேறு. வீட்டில் 'ரெண்டு காகம்', 'ரெண்டு பேர்' எனப் பிரித்து வழங்கும் குழந்தைக்கு இது எளிதில் விளங்கிற்று. தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என வகுத்த வேறுபாடு அதுவே.

கற்பிக்குங்கால் ஒரு வேளைக்கு மூன்று அட்டைகள் அமையும். முதலிற் பெயரைச் சொல்லுக, பின்பு, "காகம் எது?" என வினவித் தொடச் செய்க, ஈற்றில், "இது என்ன?" எனக் கேட்டுச் சொல்விக்க.

வீட்டுச் சொல்லைப் பிழையெனக் கேட்ட குழந்தை வாய் திறக்க அஞ்சும். அஞ்சிய நாவிற் செந்தமிழும் ஏறாது. ஆதலின் ஆசிரியர்காள், அட்டை வாங்குமுன் குழந்தை வீட்டிற் பேசும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.