ஈர மணலில் மிதிவண்டி

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வடக்கே காவிரி பெரும்பாலும் மணற்பாலைதான்.

கோடைமழை ஓய்ந்த மறுநாள், பெரியவர் துணையோடு மிதிவண்டியை அதில் உருட்டிப் பாருங்கள். நேற்று சக்கரத்தை விழுங்கிய மணல் இன்று தாங்குகிறதே, ஏன்?

உலர்ந்த மணிகள் அழுத்தத்தில் உருண்டு விலகும். ஈர மணிகளுக்கிடையே நுண்ணிய நீர்ப்பாலங்கள் அமைகின்றன. நீரின் பரப்பு இழுவிசை (மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன்) மணிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது.

இடைவெளிகள் முழுவதும் நீர் நிறைந்தாலோ பாலங்கள் மறையும், பிடிப்பும் போகும். ஆகவே நீர் தேங்கிய மணற்குழியில் ஒருபோதும் இறங்காதீர்கள். ஆழம் கண்ணுக்குத் தெரியாது, கரையும் சரியும்.

உலர்ந்த, ஈரமான, நீரில் ஊறிய மணலை மூன்று தட்டுகளில் குவித்து, விரலால் அழுத்துங்கள். உண்மை விளங்கும்!