எழுபதைத் தாண்டினால் மிஸ் அடிக்கும் கார்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு பழைய அம்பாசிடரைத் திண்டிவனம் வரை ஓட்டிவந்தால் ஒரு குறையும் தெரியாது. ஊர்ச் சாலையில் நாற்பது, ஐம்பதுக்கு மேல் போக அவசியமே இல்லை. சென்னை நான்குவழிச் சாலையில் ஏறி, முள் எழுபதைத் தொட்டதும்தான் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கும். காலைத் தளர்த்தினால் மறுபடி சாதுவாகிவிடும்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்க்கிறார்கள். இஞ்சின் சுத்தமாகச் சுற்றுகிறது. பிறகு பிளக், காயில், கண்டன்சர், கார்புரேட்டர் கிட் என்று வரிசையாக மாற்றுகிறார்கள். ஆயிரங்கள் கரைந்த பின்னும் அதே எழுபதில் அதே உதறல். நின்ற இடத்தில் பார்ப்பதுதான் இதில் முதல் தவறு. நிற்கும் வண்டியில் இஞ்சினுக்குச் சுமை கிடையாது. ஓடும்போது ஆக்சிலேட்டரை ஆழ மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைப் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். நைந்த பிளக் ஒயரும், தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் அங்கேதான் கைவிடுகின்றன.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1489 சிசி அம்பாசிடரோ, ஒருகாலத்தில் நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, நான்கு சிலிண்டர் இஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றினால் விநாடிக்கு 25 பொறி போதும். 3000 சுற்றில் 100 பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லி விநாடிதான். அதிலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை இணைத்து வெட்டும் பாயிண்ட் மூடியிருக்கும் ஆறேழு மில்லி விநாடிக்குள் காயில் மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் காருக்கு உருவாக்கிய அதே ஏற்பாடுதான் இது. பாயிண்ட் இடைவெளி அகன்றால் அது மூடியிருக்கும் நேரம் குறைகிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வேகத்தில் பாயிண்ட் துள்ளுகிறது, ஒழுங்காக மூடுவதே இல்லை. அம்பாசிடருக்குச் சுமார் 15 தவ், அதாவது 0.4 மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணால் மதிப்பிடாமல் ஃபீலர் கேஜ் போட்டே வைக்க வேண்டும்.

ஆகவே நோயைச் சாலையில்தான் பிடிக்க வேண்டும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். டாப் கியரில் எழுபதில் உதறுகிறதா? மூன்றாம் கியருக்கு வந்து, இஞ்சின் அதே சுற்றில் சுற்றும்படி லேசான மிதியில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உதறினால் கோளாறு சுற்றைச் சார்ந்தது: துள்ளும் பாயிண்ட் அல்லது தளர்ந்த வால்வு ஸ்பிரிங். மிதியை ஆழ்த்தினால் மட்டும் வந்தால் பிளக், ஒயர், காயில் பக்கம் போகலாம், அல்லது பெட்ரோல் போதவில்லை. தலைகீழாகவும் நடக்கும். சீரான லேசான மிதியில் உதறி, அழுத்தி மிதித்ததும் சரியாகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன எர்த் ஒயரைத் தேடுங்கள். வேக்குவம் அட்வான்ஸ் தட்டை இழுக்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே அதன் இழைகள் அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். இதைத் தேடாமலேயே எத்தனையோ நல்ல காயில்களைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

மின்சாரக் கோளாறு சட்டென்று வெட்டும். பெட்ரோல் குறைந்தால் வண்டி முதலில் சோர்ந்து, இழுவை விட்டு, அப்புறம்தான் திணறும். சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். உடனே தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை என்றே அர்த்தம். ஃபில்டர் அடைப்பு, பம்பு டயாஃப்ரம், ஃப்ளோட் மட்டம், ஜெட் என்று வரிசையாகப் போகலாம். அதற்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி சில கிலோமீட்டர் நன்றாக ஓடினால், மூடியின் காற்றுத் துளைதான் அடைந்திருக்கிறது. செலவே இல்லை.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றுகிறது. கலவை இளைத்துப்போய், முழு மிதியில் மிஸ் அடிக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் அரிக்கிறது, உதிர்ந்த துகள் ஜெட்டில் போய் உட்காருகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-க்கும் இதே கதிதான். பிளக் முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் கலவை இளைத்திருக்கிறது. வெளிர் பழுப்பு நல்லது. கரிப் புகை படிந்தால் பெட்ரோல் அதிகம். இளைத்த கலவையோடு நீண்ட தூரம் விரட்டினால் வால்வும் பிஸ்டனும் வெந்துபோகும். ஆகவே 'எழுபதுக்குள் ஓட்டிக்கொள்ளலாம்' என்று இதை விட்டுவைக்காதீர்கள். எத்தனால் தாங்கும் குழாய்களைப் போட்டு, ஜெட்டைத் தெரிந்தவரிடம் சரிபாருங்கள்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது 'மிஸ் அடிக்குது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்தக் கியரில், எவ்வளவு மிதியில், சூடான பிறகா முன்பா என்று எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லி, உடனே நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.