நம் பெயரை நாமே சொல்லும் வலிமை



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கும் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது உள்வலிமை பற்றி. தன்னம்பிக்கைக் கூட்டங்களில் 'உன்னால் முடியும்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நம்மை முடியாதவர்களாக ஆக்கியது எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆலங்காயத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வளர்ந்த நமக்கு இது பழக்கம்தான். கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். தோல் ஷாப்பு வேலை என்று எழுதாமல் 'கூலி' என்று எழுதுவோம். எந்த ஊர் என்று கேட்டால் ஊரைச் சொல்வோம், காலனியைச் சொல்லமாட்டோம். அந்த நேரத்தில் யாரும் நம்மை அதட்டுவதில்லை. முன்பு அதட்டியவர்களின் குரல் நமக்குள்ளேயே குடியேறிவிட்டது. உள்வலிமை பறிபோவது இப்படித்தான்.

அந்தக் குரலை வெளியேற்ற சீனிவாசன் ஒரு வழி காட்டினார். 1893 அக்டோபரில் சென்னையில் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். இரண்டு நாளில் ஏறத்தாழ 400 பிரதிகள் விற்றதாகத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். நாம் ஒளித்து வைக்கும் பெயர் எதிராளிக்கு ஆயுதம். நாமே அச்சிட்டு விற்கும் பெயரைச் சொல்லி நம்மை யார் மிரட்ட முடியும்?

எம்.சி. ராஜா வேறு வழியில் சென்றார். இழிவாக வழங்கிய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என வழங்க வேண்டும் என்று 1922இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றச் செய்தார். அயோத்திதாசப் பண்டிதரோ நாம் பூர்வ பௌத்தர் என்றார். அந்த வழியில் நம் திருப்பத்தூரில் ஏ.பி. பெரியசாமிப் புலவர் நின்றார். பெயர்கள் வேறு வேறு, செயல் ஒன்றே. நாம் யார் என்று சொல்லும் உரிமையை அவர்கள் பிறர் கையிலிருந்து மீட்டார்கள்.

இது மனத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் பயனில்லை. 1924இல் பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அதே சீனிவாசன். 1930இல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் சென்றார். உள்வலிமை பத்திரிகையானது; பிறகு சட்டமன்றக் கோரிக்கையானது.

சட்டம் மட்டும் இருந்தாலும் போதாது. பொதுநீர்நிலைகள் அனைவருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானித்தது. ஆனாலும் மகாத் குளத்தில் நம் மக்கள் திரண்டு தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 வரை ஆயிற்று. தீர்மானம் தாளில் இருந்தது. குளத்தில் இறங்கும் கால்கள் வேண்டியிருந்தன.

இனி நம் தோல் ஷாப்புக்கு வருவோம். தோலை விரலால் தடவித் தரம் சொல்லும் பெரியவரிடம் இருப்பது அறிவு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அக்காவிடம் இருப்பதும் அறிவுதான். இதைச் சொல்வது சாதி சுமத்திய தொழிலைப் போற்றுவதாகாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. தன் வேலையின் மதிப்பை அறிந்தவர்தான் கையுறை கேட்பார், பிஎஃப் கணக்கு கேட்பார், சங்கம் சேர்வார். தன் பிள்ளை வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றும் தலைநிமிர்ந்து சொல்வார்.

ஆகவே மாணவர்களே, அடுத்த விண்ணப்பத்தில் அந்த இடம் வரும்போது 'தோல் பதனிடும் தொழிலாளி' என்று முழுதாக எழுதுங்கள். எழுதிவிட்டு, அப்பாவுக்கு இந்த மாதச் சம்பளச் சீட்டு கிடைத்ததா என்று வீட்டில் கேளுங்கள். முதலாவது நமக்குள் இருக்கும் வலிமை. இரண்டாவது அது வெளியே எடுத்து வைக்கும் முதல் அடி.

ஜெய்பீம்!