ஒலித்தடம் - 12: பாதி இடத்தில் முழுப் பாட்டு

எம்பி3 ஒரு பாட்டிலிருந்து எதையெல்லாம் கழிக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். காதுக்கு எட்டாது என்று அது கணித்த ஒலிகள் போனது போனதுதான், மீட்க வழியில்லை. எதையும் இழக்காமல் பாட்டைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுருக்காமலே வைப்பது. மற்றது, இழப்பில்லாமல் சுருக்குவது. இவற்றில் எது நன்றாக ஒலிக்கும் என்று இசைப் பிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

சுருக்காத வகையில் பலரும் அறிந்தது வேவ். மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-ல் கொண்டுவந்தது அது. ஆப்பிளின் ஏஐஎஃப்எஃப் அதற்கும் மூத்தது, 1988-ல் வந்தது. ஒலியை அளந்து கிடைத்த எண்களை இரண்டும் அப்படியே வரிசையாக அடுக்கி வைக்கின்றன. சிடியில் நொடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இடது, வலது என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட். பாட்டின் நடுவே வரும் மௌனத்துக்கும் இதே கணக்குதான். ஒரு பிட்கூடக் குறையாது.

இந்த வீண்செலவைத்தான் இழப்பில்லாமல் சுருக்கும் வகையான ஃபிளாக் தவிர்க்கிறது. ஜோஷ் கோல்சன் 2000-ல் எழுதத் தொடங்கி, 2001 ஜூலையில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பாட்டை அது சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒரு துண்டு பெரும்பாலும் 4,096 அளவுகள், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முந்தைய அளவுகளைப் பார்த்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறது. இசையின் அலை பெரும்பாலும் ஓர் ஒழுங்கோடு ஏறி இறங்குவதால், ஊகம் உண்மைக்கு நெருங்கியே வரும். இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் வராத மூவரை மட்டும் குறித்துவைத்தால், வந்த முப்பத்தேழு பேரையும் பிழையின்றிச் சொல்லிவிடலாம் அல்லவா? அதே முறைதான்.

எவ்வளவு சுருங்கும் என்பது இசையைப் பொறுத்தது. பொதுவாகப் பாதியை ஒட்டி வரும். தனி வீணை நன்றாகச் சுருங்கும். முழு வேகத்தில் அதிரும் இன்றைய திரைப்பாட்டு அவ்வளவு இடம் தராது. நாடாவின் இரைச்சலை யாராலும் ஊகிக்க முடியாது என்பதால் அதுவும் சுருங்க மறுக்கும். 1960-களின் மோனோப் பாடல்களில் இரண்டு தடங்களிலும் அச்சாக ஒரே எண்கள் இருந்தால், ஃபிளாக் அதைக் கண்டுகொண்டு ஒரு தடத்தை மட்டுமே எழுதும். கோப்பு வெகுவாகச் சிறுத்துவிடும்.

சரி, ஒலி? விரிக்கும்போது வேவில் இருந்த அதே எண்கள், அதே வரிசையில் திரும்புகின்றன. நீங்களே சோதிக்கலாம். ஒரு வேவ் கோப்பை ஃபிளாக்காக மாற்றுங்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் இரண்டையும் ஏற்றி, ஒன்றைத் தலைகீழாக்கி, சேர்த்து ஒலிக்க விடுங்கள். ஒன்றையொன்று முழுதாக அழித்துக்கொள்ளும், எதுவுமே கேட்காது. வேவ்தான் இனிமை என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்தச் சோதனைதான். விரிக்கும் வேலையும் இன்றைய கைபேசிக்கு ஒரு பொருட்டல்ல.

ஆகவே, கேட்பதில் இவை இரண்டும் ஒன்று. பாதுகாப்பதில்தான் வேறுபடுகின்றன, நாம் கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான். ஃபிளாக் கோப்பின் தொடக்கத்திலேயே மூல ஒலியின் கைரேகை போன்ற ஓர் எண் பதிவாகியிருக்கும். பத்தாண்டு கழித்து வட்டில் ஒரு பிட் கெட்டாலும் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். வேவில் அந்த ஏற்பாடு இல்லை. பாடியவர், ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர் என்று எல்லாவற்றையும் ஃபிளாக்குக்குள் தமிழிலேயே எழுதிவைக்கலாம். வேவிலும் குறிப்பு எழுத வழி உண்டு. ஆனால் ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்று படிக்கும் என்று நம்ப முடியாது. பெயர் தெரியாத கச்சேரிப் பதிவு பாதி தொலைந்த பதிவு. வேவின் இடம் ஒலிப்பதிவுக் கூடம். வெட்டி ஒட்டித் திருத்தும் வேலைக்கு அதுவே வசதி.

ஆப்பிள் கருவிகள் வைத்திருப்போர் அலாக்கைத் தேர்ந்தெடுக்கலாம். 2004-ல் வந்த இதுவும் இழப்பில்லாதது. 2011-ல் ஆப்பிள் இதன் நிரலைப் பொதுவில் திறந்துவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள். எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி வராது. புளூடூத் இயர்போன்களில் பெரும்பாலானவை ஒலியை மறுபடி இழப்போடு சுருக்கித்தான் அனுப்புகின்றன; முழுப் பலனும் வேண்டுமென்றால் வயர் வைத்த ஹெட்போன் போடுங்கள்.

வீட்டில் பழைய சிடிக்கள் இருந்தால் இப்போதே ஃபிளாக்காக மாற்றி, இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வையுங்கள். புது மடிக்கணினிகளில் சிடி டிரைவ் வருவதே அரிதாகிவிட்டது. மிச்சமாகும் பாதி இடத்தில் இரண்டாவது பிரதியே அடங்கிவிடும்.

16 பிட்டுக்குப் பதில் 24 பிட், 44,100-க்குப் பதில் 96,000 என்று விற்கப்படும் பாடல்களை வாங்கத்தான் வேண்டுமா? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)