ஓட்டமும் மிதிப்பும்: உடல் முயற்சியை அளத்தல் பற்றி ஒரு குறிப்பு

ஓடுதல், துவிச்சக்கரவண்டி மிதித்தல் ஆகிய இரண்டனுள் எது கூடிய முயற்சியை வேண்டி நிற்பது என்னும் வினாவிற்கு, தூரத்தைக் கொண்டு அளக்கின்றோமா நேரத்தைக் கொண்டு அளக்கின்றோமா என்பதைத் தெளிவுபடுத்தாது விடைகூறல் இயலாது.

வத்தளையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து கொழும்புக் கோட்டைக்குச் செல்லும் வழி ஏறக்குறைய 10 கிலோமீற்றர், மேடுபள்ளம் அதிகமற்றது. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் இதனை ஓடிக் கடப்பின் அண்ணளவாக 600 கிலோகலோரி செலவாகும். விரைந்தோடினும் மெல்ல ஓடினும் இத்தொகை பெரிதும் மாறுவதில்லை. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் மிதிப்பவருக்கோ 200 முதல் 250 வரை போதுமானது. ஓடுபவர் ஒவ்வோர் அடியிலும் தம் உடலை மேலே தூக்கி, இறக்கி, தரையிற் சற்றுத் தடைப்பட்டு, மீண்டும் முன்தள்ள வேண்டியவராகின்றார். மிதிப்பவரின் நிறையை ஆசனம் தாங்குகின்றது, சில்லு உருள்கின்றது. எனினும் காற்று அவரை விடுவதில்லை. வேகம் இருமடங்காகும்போது காற்றுத் தடையை வெல்வதற்கான வலு எண்மடங்காகின்றது. எனவே மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் மிதிப்பவர், நேரக் கணக்கில், ஓடுபவருக்குச் சளைத்தவரல்லர். பழக்கமற்றவருக்கு இதயம் தன் எல்லையைத் தொடுமுன்னரே தொடைத் தசைகள் களைத்துவிடுவதும் உண்டு.

உடலியல் இவ்வளவிற் கூறி நின்றுவிடும். உடற்பயிற்சி நூல்களோ கலோரி எரிவதை எப்போதும் இலாபமாகவே எழுதுகின்றன. அது உண்டு மிகுந்தவரின் கணக்கு. 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பெற்றோல் விற்பனை நிறுத்தப்பட்டபோது கொழும்பிற் பலர் சைக்கிளுக்குத் திரும்பினர். சைக்கிளின் விலையும் ஏறிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இந்நிலையில், செலவான சக்தியை மீட்க உழைப்பவர் அதனை அரிசியாக வாங்கவேண்டியிருந்தது. மேற்கூறிய வழியை மிதித்துப் போய்வர ஏறத்தாழ 130 கிராம் அரிசியின் சக்தி வேண்டும். ஓடிப் போய்வர 340 கிராம். 1990களிற் பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்திலும் சைக்கிளே வாழ்வைத் தாங்கிற்று. அதனை எவரும் உடற்பயிற்சி என்று அழைத்ததாகத் தெரியவில்லை.

இவ்வகையில் ரிக்ஷாவின் வரலாறு கவனத்திற்குரியது. கைரிக்ஷாக்காரர் பிறரைச் சுமந்து ஓடியவர். தமிழ்நாட்டில் 1970களின் முற்பகுதியில் மு. கருணாநிதியின் அரசு கைரிக்ஷாவை ஒழித்துச் சைக்கிள் ரிக்ஷாவை வழங்கியது, ஓட்டம் மிதிப்பாயிற்று. இது மெய்யான முன்னேற்றமே. ஆனால் ஒரு கிலோமீற்றரில் மிச்சமான சக்தி ஓய்வாக மாறிற்றா, கூடுதற் சவாரிகளாக மாறிற்றா என்பதைக் கலோரி அட்டவணை காட்டாது. நாள்வாடகைக்கு வண்டி எடுத்தவரிடத்து அதனைத் தீர்மானித்தது வாடகையே.