பட்டியலில்லாப் பொக்கிஷம்

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ளது திருவெள்ளறை. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய இத்தலத்தில், புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலையொட்டி ஸ்வஸ்திக வடிவில் அமைந்த கிணறு ஒன்று இருக்கிறது. நாற்புறமும் படிக்கட்டுகள் இறங்கும் அக்கிணற்றுக்கு 'மாற்பிடுகு பெருங்கிணறு' என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆட்சியாண்டில் அதைக் கட்டி முடித்தவர், ஆலம்பாக்கத்து விசயநல்லுழானின் தம்பி கம்பன் அரையன். ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் கழித்தும் இவ்வளவும் நமக்குத் தெரிகிறதென்றால், அச்செய்தியைப் பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் கல்லில் வெட்டி வைத்ததுதான் காரணம்.

பொதுச் சொத்துக்குப் பொதுவான பதிவு வேண்டும் என்ற இந்தத் தெளிவு இன்று நம்மிடம் இருக்கிறதா? 1851-இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், திருச்சி ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகம், தந்தச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகம் என நம் சேகரிப்புகள் சிறியவை அல்ல. ஆனால், எந்த அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்படுவது ஒரு பகுதியே. எஞ்சியவை இருப்பறைகளில் உறங்குகின்றன. அவற்றை வீட்டிலிருந்தே காண வழிசெய்வது ஆடம்பரம் என்று கருதுவோர் உண்டு. அது அடிப்படைப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களின் பிற்பகுதியிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்து ஆவணப்படுத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் கலை வரலாற்று ஆய்வுக்காக எடுக்கப்பட்டவை. பின்னாளில் அவையே வழக்குகளில் சாட்சியாயின. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அச்சிலை கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்ட படம் முக்கிய ஆதாரமாக அமைய, 2014-இல் நடராஜர் நாடு திரும்பினார்.

கும்பகோணம் அருகே சுந்தரபெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் கதையும் அத்தகையதே. ஸ்ரீரங்கத்தில் மதில் எழுப்பியவர் என்று மரபு போற்றும் அந்த ஆழ்வாரின் வெண்கலத் திருமேனியை, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. 1957-இல் கோயிலில் எடுக்கப்பட்ட படம் புதுச்சேரித் தொகுப்பில் இருந்தது. ஆய்வாளர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டதால் உண்மை வெளிப்பட்டது. சிலையைத் திருப்பித் தர 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இசைந்தது. ஒருபுறம் கோயிலின் பழைய படம், மறுபுறம் அருங்காட்சியகத்தின் படம். இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் ஆழ்வார் அங்கேயே நின்றிருப்பார்.

பதிவில்லாத பொருளைத் திருடுவது எளிது, மீட்பது அரிது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்ற செல்வச் செழிப்புள்ள நிறுவனமே 2023-இல் இந்தப் பாடத்தைக் கற்றது. அங்கு காணாமல்போயும் சேதமடைந்தும் இருந்த ஏறத்தாழ 2,000 பொருள்களில் பல, முறையாகப் பட்டியலிடப்படாதவை. அதன்பின், தன் சேகரிப்பு முழுவதையும் இணையத்தில் ஏற்ற 5 ஆண்டுத் திட்டத்தை அது அறிவித்தது. மதிப்பிடப்பட்ட செலவு ஒரு கோடி பவுண்டு.

செலவு என்றதும் பலரும் கேமராவையும் கணினியையும் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பொருள்கள் உள்ள ஓர் அருங்காட்சியகம், பொருளுக்கு 4 படங்கள் எடுக்கிறது. உயர்தரப் படம் ஒவ்வொன்றும் 300 மெகாபைட் என்று கொண்டால் மொத்தம் 12 டெராபைட். பாதுகாப்புக்காக மூன்று படிகள் வைத்தால் 36 டெராபைட். இதற்கான வன்தட்டுகளை ஒரு மாவட்ட அருங்காட்சியகம்கூட வாங்கிவிட முடியும். ஆனால், வன்தட்டு பழுதாகும்; கோப்பு வடிவங்கள் வழக்கொழியும்; வழங்கிக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டடம் கட்டியபின் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் விடுவதுபோல இதையும் விட்டுவிட்டால், திறப்பு விழா நடந்த சில ஆண்டுகளில் இணையதளம் முடங்கிவிடும்.

இதைவிடப் பெரிய செலவு, அறிந்தவர்களின் உழைப்பு. இது எந்த உலோகம், எந்தக் காலம், எந்த ஊரிலிருந்து எப்போது வந்தது, எடையும் அளவும் என்ன, எங்கே ஒடிந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒருவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து எழுத வேண்டும். 'திருமங்கையாழ்வார்' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதினால், தேடுபவருக்கு நான்கில் ஒன்றுதான் கிடைக்கும். தமிழில் தேடினால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். விவரமில்லாத படம், முகவரியில்லாத கடிதம் போன்றது. காலியாக உள்ள காப்பாட்சியர் பணியிடங்களை நிரப்பாமல் ஒப்பந்தக்காரரிடம் படமெடுக்கும் வேலையை மட்டும் ஒப்படைப்பது, பாதிக் கிணறு தாண்டுவதாகவே முடியும்.

படங்களை விற்று இச்செலவை ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். அமெரிக்க அருங்காட்சியகங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வொன்று, பட விற்பனையைக் கையாளும் செலவையும் கணக்கில் சேர்த்தால் குறிப்பிடத்தக்க லாபம் ஏதுமில்லை என்று காட்டியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-இல் சுமார் 3,75,000 படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படும் பொருளின் படத்துக்கு மீண்டும் மக்களிடமே கட்டணம் கேட்பது நியாயமும் அல்ல, லாபமும் அல்ல.

வெளியிட்டால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகாதா என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால், ஸ்ரீபுரந்தானுக்குத் திருடர்கள் இணையத்தைப் பார்த்து வரவில்லை. பொருள் எந்த அறையில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை மறைத்து, படத்தையும் அடையாளங்களையும் மட்டும் வெளியிடலாம். படம் உலகறிந்ததாக இருந்தால், நேர்மையான ஏல நிறுவனம் அதைத் தொடத் தயங்கும். வழிபாட்டில் உள்ள திருமேனிகளின் படங்களை வெளியிடுவதில் கோயில் மரபுக்கு மதிப்பளிக்க வேண்டும். அங்கும் காவல் துறையிடம் ஒரு முழுமையான பதிவு இருந்தே ஆக வேண்டும்.

மத்திய கலாசார அமைச்சகம் 2014-லேயே தேசிய அருங்காட்சியகங்களுக்கான இணையதளத்தைத் தொடங்கியது. சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' மென்பொருளும் இருக்கிறது. எனவே, தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல இடமில்லை. தமிழக அரசு மூன்று செயல்களை முதலில் செய்யலாம். எல்லா அருங்காட்சியகங்களின் பொருள்பதிவேடுகளையும், உள்ளது உள்ளபடியே வருடி, ஒரே இடத்தில் சேர்ப்பது முதலாவது. அழகிய படங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. களவுபோனால் எளிதில் விற்கக்கூடிய செப்புத் திருமேனிகள், காசுகள், தந்தப் பொருள்களிலிருந்து படமெடுப்பைத் தொடங்குவது இரண்டாவது. பராமரிப்புக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தனி ஒதுக்கீடு செய்வது மூன்றாவது.

முப்பரிமாணக் காட்சிகளும் மெய்நிகர் உலாக்களும் பிறகு வரட்டும். நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே தெரியாவிட்டால், எதை இழந்தோம் என்பதும் நமக்குத் தெரியப்போவதில்லை.